மாடிப்படி ஏறி ஆபீஸ் போனேன்

புதுச்சேரி,
ஆகஸ்ட் கடைசி, 2007.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அல்போன்ஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அந்தோணிமேரியைக் கட்டியதால் உங்களுக்கு உறவானவனும், உங்கள் புத்திமதியைக் கேட்டதால் உருப்பட்டவனுமான சகாயநாதன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான், அந்தோணிமேரி, ரூபி, கொல்லையில் புதிதாக வைத்த மாங்கன்று நால்வரும் சுகம். பாரிசில் நீங்கள், அக்கா, பிள்ளைகள், உங்கள் வலது முழங்கால் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கிற காலத்தில் எதற்கு இவன் தபால் தலை ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "உய் மச்சான், உய் மச்சான்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக்கொண்டிருப்பேன். இந்த முறை நன்றி சொல்ல வேண்டியவன் நான். ஆகவே குறுக்கே யாரும் பேச முடியாத இடத்துக்கு வந்து பேசுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் நன்றியின் எடை புரியும். மெட்ராசில் பிரெஞ்சுப் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தருகிற கம்பெனியில் எனக்கு உத்தியோகம். பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரவேண்டிய கோடு, கூரை, புள்ளி எல்லாம் அந்தந்தத் தலையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். சுருங்கச் சொன்னால், எழுத்துக்குத் தொப்பி மாட்டிவிடுகிற வேலை. இதற்காக வாரம் முழுக்கத் திருவல்லிக்கேணி மான்ஷனில் மூட்டைப்பூச்சியோடு படுத்து, சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவாக இருந்து, திங்கள் விடியும் முன் மறுபடி பஸ் ஏறுவேன். ரூபி ஒண்ணாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வந்தது இப்படித்தான். என்னைக் கண்டால் ஃபேனுக்கு நேராக நாற்காலி போடுவாள், விருந்தாளிக்கு எடுக்கிற பூப்போட்ட தட்டைக் கழுவி வைப்பாள். ஒரு தரம் அவள் தோழி ஒருத்தி யாருடி இவர் என்று கேட்டதற்கு, "எங்க அப்பாடி, மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காரு" என்று சொன்னாள். ஊரிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார் என்கிற மாதிரி. அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

அப்புறம் நம் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. மேனேஜர் கலைவாணனிடம் போய் நின்றேன். "சார், ஃபைல் ஒயர்ல வருது, ஒயர்ல போவுது. நடுவுல நான் எதுக்கு சார் பஸ்ல போய்ட்டு வர்றேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஆகஸ்ட் முடியற வரைக்கும் வீட்லேர்ந்து பண்ணுங்க, பாக்கலாம். ஒழுங்கா வரலைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு மான்ஷனுக்கே வந்துரணும்" என்றார். அந்த மான்ஷன் கட்டிலை நினைத்துக்கொண்டு, மாதா மேல் ஆணையாக ஒழுங்காக வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒழுங்கு என்றால் என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை மச்சான். சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தேன், கைலியை மடித்துக் கட்டினேன், ஆபீஸ் ரெடி என்று நினைத்தேன். தெருவுக்கு விஷயம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. பகலில் ஆம்பளை ஒருத்தன் சும்மா வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் ஒரு தெரு என்னென்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டு தணிகாசலம், போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், தன் வீட்டு கேஸ் சிலிண்டரை வாங்கி வைக்கச் சொன்னார். "நீங்க ஊட்லதான இருக்கீங்க" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சொல்ல, நம் கூடத்தில் சிவப்பு சிலிண்டர்கள் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவி எல்லாம் நம் வீட்டு ஆணியில். தண்ணி லாரி வந்தால் குரல் கொடுக்க நான். யாரோ வீட்டில் கொத்தனார் வந்தால் மேஸ்திரியாக நான். அந்தோணிமேரி அவள் ஆபீசிலிருந்து போன் போட்டு, "ஏங்க, மோட்டார் போட்டீங்களா, மொளகா காயுதே, மேகம் கறுக்குதா பாருங்க" என்பாள். எல்லாப் பழியையும் தெரு மேல் போடுவதும் நியாயமில்லை. யாரும் கூப்பிடாத நேரத்தில் நானே எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் வேண்டாம், சும்மா பார்ப்பதற்குத்தான். குருசுக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வருகிற சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்துவிடுவேன். எந்தப் படகு வந்தது, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள் பிரான்ஸ் தேசத்தில் எழுத்துகள் தொப்பி இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

உச்சம் என்னவென்றால், பக்கத்து வீட்டு துர்கா, "ரெண்டே நிமிஷம்ணா" என்று கைக்குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். ரேஷன் கடையில் இரண்டு நிமிஷம் என்றால் உங்களுக்குத் தெரியும். குழந்தை தங்கமான குழந்தை, அழவே இல்லை. கம்ப்யூட்டரில் இரண்டு கையையும் வைத்து அடி அடி என்று அடித்தது. அடித்த கையோடு நானும் கவனிக்காமல் ஃபைலை அனுப்பிவிட்டேன். மறுநாள் கலைவாணன் போன். "சகாயநாதன், நாப்பதாவது பக்கத்துல ஒரு வார்த்த இருக்கு. ரெண்டு வரிக்குப் போவுது. பிரான்ஸ்காரன் அர்த்தம் கேக்கறான்." கரண்ட் போயிருச்சு சார் என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு பொய் சொன்னேன். "இதான் கடைசி. இன்னொரு தபா இப்படி வந்துச்சின்னா நான் பேச மாட்டேன், லெட்டர்தான் பேசும்" என்றார்.

அந்த வாரத்தில்தான் மே மாத வெயிலோடு நீங்கள் லீவுக்கு வந்து இறங்கினீர்கள். பெட்டியோடு உள்ளே நுழைந்து, கைலியில் நான், மடியில் குழந்தை, பக்கத்தில் சிலிண்டர்கள், மேஜையில் கம்ப்யூட்டருக்கும் சாம்பாருக்கும் நடுவில் யாருடைய சாவியோ கிடக்கிற காட்சியைப் பார்த்து நீங்கள் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. காபி குடிப்பதற்கு முன்பே ஆரம்பித்தீர்கள். "மாப்ள, பியூரோன்னா பியூரோ. வூடுன்னா வூடு. ரெண்டும் ஒரே மேஜையில இருந்தா ரெண்டுமே வெளங்காது. ஒர்கனிசாசியோன் வேணும் மாப்ள, ஒர்கனிசாசியோன்." ஆபீஸ், ஒழுங்கு இரண்டும் உங்கள் வாயில் பிரெஞ்சில்தான் வரும். அப்போது நான் மனசுக்குள் உங்களைத் திட்டினேன். லீவுக்கு வந்தவர் கடற்கரைக்குப் போனோமா, காற்று வாங்கினோமா என்று இல்லாமல் என் வீட்டில் வந்து சட்டம் போடுகிறாரே என்று. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் போட்ட சட்டம் இது. மொட்டை மாடியில் பழைய சாமான் போட்டிருந்த ஷீட் ரூமைக் காலி பண்ணி அதை ஆபீஸ் ஆக்க வேண்டும். காலையில் குளித்து, பேன்ட் சட்டை, நீங்கள் கொண்டுவந்த கறுப்பு ஷூ, கையில் சாப்பாட்டு கேரியர். முன்வாசல் வழியாக வெளியே போய், பக்கத்துச் சந்தில் இருக்கிற வெளிப்படி ஏறி மேலே போக வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு முன்னால் இறங்கக் கூடாது. ஆறு மணிக்குப் பிறகு ஏறக் கூடாது. அதைவிட முக்கியம், யார் கேட்டாலும் வீட்டில் உள்ளவர்களும் தெருவில் உள்ளவர்களும் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அவர் ஆபீஸ் போயிருக்கார். மாடியில் இருக்கிறார் என்ற பேச்சே வரக் கூடாது. "மாடின்னு சொன்னா ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போறேன்பான். ஆபீஸுன்னாதான் திரும்பிப் போவான்" என்றீர்கள். தணிகாசலத்தைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னீர்கள். ஏட்டு ஐயா முப்பது வருஷம் யார் யாரையோ காவல் காத்தவர். சிலிண்டருக்கு இனி ஆள் இல்லையே என்ற வருத்தம் ஒரு நிமிஷம் முகத்தில் தெரிந்தது, அடுத்த நிமிஷம் நெஞ்சை நிமிர்த்தி, "நான் பாத்துக்கறேன்" என்றார். ஆளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

முதல் நாள் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது மச்சான். ஷூ போட்டுக்கொண்டு என் வீட்டு மாடிக்கே நான் போகிறேன், அந்தோணிமேரி வாசலில் நின்று சிரிப்பை அடக்குகிறாள், ரூபி "டாட்டாப்பா" என்று கை ஆட்டுகிறாள், சின்னப்பொண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறாள். ஆனால் என்னைவிட அவர்கள் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை மூக்குக்கண்ணாடியைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். இறங்கி வந்து கதவைத் தட்டினேன். அந்தோணிமேரி திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவரு ஆபீஸ் போயிருக்காரு. ஆறு மணிக்கு மேல வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். "ஏய் மேரி, கண்ணாடிடி" என்றேன். "ஆபீஸ்ல ப்யூன் இருந்தா அனுப்பச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கு முழுக்க எழுத்துகளை மூக்கால் தொட்டுத்தான் படித்தேன். இன்னொரு நாள் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "சின்னப்பொண்ணு, இன்னா மீனு இன்னைக்கி" என்று கேட்டேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஆபீஸ்ல கீறவங்களுக்கு எதுக்குங்க மீனு கத. வேலயப் பாருங்க" என்றாள். கம்பெனியில்கூட என்னை யாரும் இப்படி மேய்த்ததில்லை.

ஆனால் பலன் இருக்கிறதே மச்சான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் ஊரில் மத்தியானம் கடையெல்லாம் சாத்திக்கொண்டு எல்லோரும் கண் அசருகிற நேரத்தில்தான் பிரான்சில் ஆபீஸ் திறக்கிறான். தெருவில் காக்காகூடக் கத்தாத அந்த நேரத்தில் நான் மட்டும் மேலே உட்கார்ந்து ஒரு தொப்பி விடாமல் மாட்டுவேன். ஒரு ஃபைல்கூடத் தாமதம் இல்லை. ஆறு மணிக்கு இறங்கி முன்வாசல் வழியாக வந்தால் நான் சுத்தமாக வீட்டு மனுஷன். ஷூவைக் கழற்றும்போது ஆபீசும் சேர்ந்து கழன்றுவிடும். ரூபியோடு கடற்கரைச் சாலையில் நடப்பேன், அவள் கணக்கு டீச்சரைப் பற்றிப் புறம் பேசுவாள், நான் கூடக் கொஞ்சம் சேர்த்துப் பேசுவேன். ஜூலை மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் தட்டை என் முன்னால் தள்ளி, "நீயே போட்டுக்கப்பா, எனக்கு டெஸ்ட் கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூப்போட்ட தட்டு அலமாரியில் இருந்தது. நான் எனக்கே சோறு போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிக்கொண்டு, கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன். அந்தோணிமேரி பார்த்துவிட்டு, "காரமா" என்றாள். ஆமாம் என்றேன்.

இப்போது பதினாறாம் தேதி கதைக்கு வருகிறேன். இதில் பாதி எனக்கு அன்றைக்குத் தெரியாது. தணிகாசலம், சின்னப்பொண்ணு, அந்தோணிமேரி, ரூபி ஆளுக்கொரு விதமாகச் சொன்னதை ஒட்டுப்போட்டு எழுதுகிறேன். ஆகஸ்ட் பதினாறு, பிரெஞ்சுக்காரன் சட்டப்படி ஊரைக் கைமாற்றிக் கொடுத்த நாள் என்று, நம் ஊருக்கு மட்டும் உள்ள லீவு. சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிற அந்தோணிமேரிக்கு லீவு, ரூபிக்கு லீவு. மெட்ராசுக்கு லீவு இல்லை, அதனால் எனக்கும் இல்லை. வழக்கம்போல ஷூ போட்டுக்கொண்டு மேலே போய்விட்டேன். மெட்ராஸ் ஆபீசில் எவனோ ஒரு புண்ணியவான், சகாயநாதன் பாண்டியில் வேறு வேலைக்குப் போகிறான், ராத்திரியில் மட்டும்தான் நம் வேலையைப் பார்க்கிறான் என்று கலைவாணன் காதில் ஓதியிருக்கிறான். மாசக் கடைசியில் முடிவு சொல்ல வேண்டிய கலைவாணன், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். நம் தெருவில் அவரை யாரும் பார்த்ததில்லை. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தணிகாசலத்திடம், "சகாயநாதன் வீடு எதுங்க" என்று கேட்டார்.

"அவரு ஊட்ல இல்ல. ஆபீஸ் போயிருக்காரு."

"ஆபீஸா. எந்த ஆபீஸ்?"

"அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்குங்க. காலைல ஷூ மாட்டுவாரு, சோத்தக் கட்டிக்கினு போவாரு. ஆறு மணிக்குத்தான் வருவாரு."

"தினமுமா போறாரு?"

"ஒரு நாள் தவற மாட்டாரு. நான் போலீஸ்ல இருந்தவன், என் கண்ணுக்குத் தப்பாது. வேணும்னா எழுதிக்கூடக் குடுக்கறேன்."

அப்போது அந்தப் பக்கமாக வந்த சின்னப்பொண்ணு, கேட்காமலே சாட்சி சொன்னாள். "ஆரு, ரூபி அப்பாவா. பகல்ல அவரு மூஞ்சியப் பாத்து மாசக்கணக்காவுதுங்க. ஊட்ல தங்கவே மாட்டாரு." என் மேல் உள்ள அன்பில் கொஞ்சம் தூக்கலாகவே சொல்லியிருக்கிறாள்.

கலைவாணன் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விடவில்லை மனுஷன். நம் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினார். தான் யாரென்று சொல்லவில்லை, சிநேகிதன் என்று மட்டும் சொன்னார். அந்தோணிமேரி உங்கள் தங்கையாயிற்றே. "ஆபீஸ் போயிருக்காருங்க. ஒக்காருங்க, ஆறு மணிக்கு வந்துருவாரு" என்று சொல்லி நாற்காலி போட்டாள். "இன்னைக்கு லீவு இல்லீங்களா" என்று அவர் தூண்டில் போட்டார். "ஊருக்கே லீவுங்க. இவருக்கு ஏது. மெட்ராஸ்ல மேனேஜர் ஒருத்தர் இருக்காரு, கலைவாணனோ என்னவோ பேரு. ஈவு எரக்கமில்லாத மனுஷன். நல்ல நாளு பெரிய நாளு பாக்க மாட்டாரு. அந்தாளு வூட்ல பொண்டாட்டி புள்ள கீதோ இல்லியோ தெரியல" என்று காபி ஆற்றிக்கொண்டே அவரிடமே சொல்லியிருக்கிறாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, "இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம். இவள் அப்போதும் விழித்துக்கொள்ளவில்லை.

அவள் அடுப்படிக்குப் போனதும் கலைவாணன் செல்போனை எடுத்து எனக்குப் போட்டார். மேலே எனக்கு மணி அடித்தது. கீழே டி.வி.யில் லீவு நாள் படம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் கேட்கவில்லை. "எங்க இருக்கீங்க சகாயநாதன்" என்றார். "வூட்லதான் சார்" என்றேன். "வீட்லதானா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க." "இதுல இன்னா சார் பாக்கறது. என் வூட்லதான் சார் ஒக்காந்திருக்கேன்" என்றேன், நெஞ்சில் கை வைத்துச் சத்தியமாக. அந்த நேரத்தில் அவர் என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில், டி.வி.யில் மூழ்கிப்போன என் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். போனை வைத்துவிட்டார். ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று இப்போது தெரிகிறது. ஆறு மணிக்கு ஷூவும் கேரியருமாக இவன் வாசலில் வந்து நிற்கும்போது கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே மான்ஷனுக்குப் பெட்டி கட்டச் சொல்லிவிடுவது என்று.

ஆனால் ஆறு மணி வரை எங்கே போவார். மத்தியானம் நம் ஊரில் ஒரு கடை திறந்திருக்காது, வெயிலில் ரோட்டில் நாய்கூடப் படுக்காது. "வேளைக்கி வந்துட்டு சாப்பிடாமப் போனா அவரு வந்து என்னத் திட்டுவாரு" என்று அந்தோணிமேரி இலை போட்டாள். சின்னப்பொண்ணு கொடுத்த வஞ்சிரம். பாதி குழம்பில், பாதி வறுவல். முதலில் வேண்டாம் வேண்டாம் என்றவர் மூன்றாம் தரம் சோறு வாங்கினார் என்று ரூபி சொல்கிறாள். சாப்பிட்ட பிறகு பாயும் தலையணையும் போட்டு, பேன்ட் கசங்கும் என்று என் கைலியையும் கொடுத்திருக்கிறாள். பிடிக்க வந்த போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்த மனுஷன், நம் ஊர் மத்தியானத்திடம் தோற்றுப்போய்க் குறட்டை விட்டிருக்கிறார். மேலே நான், கீழே யாரோ மாவு மிஷின் ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஃபைலை அனுப்பிவிட்டு, ஆறு மணிக்கு இறங்கி, சந்து சுற்றி, முன்வாசலில் காலை வைத்தேன். என் கைலியைக் கட்டிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு, கலைவாணன் உட்கார்ந்திருக்கிறார். மச்சான், எனக்கு அந்த நிமிஷம் மெட்ராஸ் மான்ஷன் கட்டில் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"வாங்க சகாயநாதன்" என்றார். "எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?"

விரலை மேலே காட்டினேன். அவர் கூரையைப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். அந்தோணிமேரிதான், யாருங்க இவரு என்று கேட்டாள். நான் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த முறுக்குத் தட்டை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், நீட்டவும் முடியாமல், உள்ளே எடுத்துப் போகவும் முடியாமல்.

அப்படியே கைலியோடு அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். அறையைப் பார்த்தார், நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டர் மேல் கையை வைத்தார், இன்னும் சூடு. சந்தேகம் தீராமல் மெட்ராசுக்குப் போன் போட்டு, பாண்டி ஃபைல் வந்ததா என்று கேட்டார். அப்போதே வந்துவிட்டது, ஒரு பிழை இல்லை என்று பதில்.

"நான் பன்னெண்டு மணியிலேர்ந்து கீழதான் இருந்தேன்" என்றார். "வஞ்சிரம் வறுத்தாங்களே, அந்த வாசன இங்க வரலியா?"

"வந்துச்சி சார்."

"கேரியர்ல என்ன?"

"தயிர் சோறு சார்."

"எறங்கி வரலாமே."

"ஆபீஸ்லேர்ந்து நடுவுல எப்படி சார் எறங்கி வர்றது" என்றேன். தந்திரமாகச் சொல்லவில்லை மச்சான், வாய் தானாகச் சொன்னது.

அப்போதுதான் அந்த மனுஷன் சிரித்தார். சிரிக்கத் தெரியும் அவருக்கு. "எங்க தெருவுல என்னப் பத்திக் கேட்டா, அப்படி ஒருத்தர் இருக்காரான்னு கேப்பாங்க. உங்களுக்குத் தெருவே காவல் காக்குது. இருங்க சகாயநாதன், இங்கயே இருங்க. இனிமே மாசக் கடைசி, வருஷக் கடைசி எதுவும் கெடயாது" என்றார். கீழே வந்து அந்தோணிமேரியிடம், "அந்த மேனேஜர்கிட்ட நான் சொல்றேம்மா, அடுத்த வருஷத்துலேர்ந்து பதினாறாம் தேதி லீவு விடச் சொல்லி" என்றார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மிச்சமிருந்த வறுவலை இலையில் மடித்துக் கொடுத்து அனுப்பிவைத்தோம். தணிகாசலம் பஸ் ஸ்டாண்டு வரை தன் டி.வி.எஸ்.ஸில் கொண்டுபோய் விட்டார். வழி நெடுக, "நான் சொன்னது ஒரு வார்த்த பொய் இல்லீங்களே" என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

ஆக, மச்சான், நான் இப்போது நிரந்தரமாக என் வீட்டிலேயே ஆபீஸ் போய்வருகிற உத்தியோகஸ்தன். நன்றியை யாருக்கென்று பிரித்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. சட்டம் போட்ட உங்களுக்கு, சட்டத்தைக் காப்பாற்றிய மேரிக்கு, மீன் கொடுத்தும் சாட்சி சொல்லியும் வேலையைப் பாருங்க என்று அதட்டியும் ஆளாக்கிய சின்னப்பொண்ணுக்கு, ஏட்டு ஐயாவுக்கு, வஞ்சிரத்துக்கு, நம் ஊர் மத்தியானத் தூக்கத்துக்கு, எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாதாவுக்கு என்று ஆரம்பித்தால் தபால் தலை போதாது. இனி இந்தப் படியைவிட்டு, இந்தத் தெருவைவிட்டு, இந்த ஊரைவிட்டு நான் ஒரு அடி நகருவதாக இல்லை. அறைக்குப் புது ஷீட் போடச் சொல்லியிருக்கிறேன், ஜன்னலும் வைக்கப்போகிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தமிழை மறந்தாலும் எங்கள் முகத்தை மறக்காமல் இருக்கட்டும். உங்கள் முழங்காலை மாதா தொட்டுக் குணமாக்கட்டும். அடுத்த லீவுக்கு வரும்போது பெட்டியோடு நேரே மாடிக்கு வந்து நீங்கள் உண்டாக்கின ஆபீசை ஆசீர்வதித்துப் போங்கள், ஆறு மணிக்கு முன்னால் மட்டும் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீங்கள் போட்ட சட்டத்தில் குளிர் காய்கிற தங்கை புருஷன்,
சகாயநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் மேரி ஆபீசிலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தாள். பயப்படாதீர்கள், நல்ல செய்தியும் இருக்கிறது. அவளுக்குப் பிரமோஷன் வந்திருக்கிறது. யானாமில். நம் சர்க்காருக்கு இந்த ஊரைவிட்டால் காரைக்கால், மாஹே, யானாம் என்று ஆளைத் தூக்கிப் போட எத்தனை இடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா. "நான் மட்டும் போய்ட்டு மாசத்துக்கு ஒரு தபா வர்றேங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஆந்திராவுக்கு நடுவில் இருக்கிற ஊரிலிருந்து, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில். நான் யோசிக்கவே இல்லை மச்சான், அப்போதே கலைவாணனுக்குப் போன் போட்டேன். "வீட்லேர்ந்துதானே வேலை பாக்கச் சொன்னேன். வீடு எந்த ஊர்னா சொன்னேன்" என்றார். ஆகவே கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டியாகிவிட்டது, மூன்று பேருமே புறப்படுகிறோம். ரூபிக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம், மாங்கன்று தணிகாசலம் பொறுப்பில். அங்கே மாடி உள்ள வீடு கிடைக்குமா, வெளிப்படி இருக்குமா என்பதெல்லாம் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு உதவி. பாரிசில் உங்கள் பக்கம் யானாம்காரர் யாராவது இருந்தால், "அவர் ஆபீஸ் போயிருக்கார், ஆறு மணிக்குத்தான் வருவார்" என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, உடனே அனுப்பவும். ஒரு தெருவையே முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது.